நான்டக்கெட் தீவின் வீட்டுப் பொருட்கள்: செதுக்கியவரும் புழங்கியவரும்

நான்டக்கெட் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிறு தீவு. கேப் காட் கரைக்குத் தெற்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ளது. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் உலகின் முதன்மையான திமிங்கில வேட்டைத் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. இத்தீவின் பழம்பொருட்களைக் காத்துவரும் நான்டக்கெட் வரலாற்றுக் கழகம் 1894இல் தொடங்கப்பட்டது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, கப்பல் தலைவர்களின் உருவப்படங்கள், வேட்டை ஈட்டிகள் ஆகியவற்றுக்காகவே இக்கழகத்தின் அருங்காட்சியகம் பெரிதும் அறியப்படுகிறது. ஆயினும் அதன் சேகரிப்பில் மிகுதியும் பேசவைப்பவை சமையலறையிலும் தையல் மேசையிலும் புழங்கிய சிறு பொருட்களே. அவற்றைப் படிக்கும் வழக்கமான முறையில் ஒரு கோணல் உள்ளது. பொருளைச் செதுக்கியவரின் கதை முழுமையாகச் சொல்லப்படுகிறது; அதைக் கையில் எடுத்து வேலை செய்தவரின் கதை ஓரிரு சொற்களில் முடிந்துவிடுகிறது.

கழகம் பிறந்த காலம்

ஒரு சேகரிப்பை மதிப்பிடுவதற்கு, அது எப்போது தொடங்கியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1840ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நான்டக்கெட்டின் மக்கள்தொகை 9,012. 1870இல் அது 4,123ஆகச் சரிந்துவிட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அடிமேல் அடி விழுந்தது. துறைமுக வாயிலை அடைத்துக் கிடந்த மணல்திட்டைப் பெரிய கப்பல்களால் கடக்க முடியவில்லை. 1846 ஜூலையில் ஒரு தொப்பிக் கடையில் பற்றிய தீ, நகரின் மூன்றில் ஒரு பங்கை அழித்தது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி கேட்டு இளைஞர்கள் கூட்டமாகப் புறப்பட்டனர். பிறகு மண்ணெண்ணெய் வந்தது. திமிங்கில எண்ணெயின் விலை விழுந்தது. அடுத்து உள்நாட்டுப் போர். 1869இல் கடைசி வேட்டைக் கப்பல் நான்டக்கெட்டை விட்டுச் சென்றது.

ஆக, கழகம் தொடங்கியபோது திமிங்கிலத் தொழில் முடிந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. கோடை விடுமுறைக்கு வரும் பயணிகளே தீவின் பிழைப்பாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. பழைய வீட்டின் பரணில் கிடந்தவை அப்போதுதான் வரலாற்றுப் பொருட்கள் ஆயின. கழகம் தனக்கென முதலில் பெற்றது ஃபேர் தெருவில் இருந்த குவேக்கர் கூட்ட இல்லத்தை. குவேக்கர்கள் ஆடம்பரத்தை விலக்கியவர்கள். சாம்பல் நிற உடை, அலங்காரமற்ற சுவர், நீண்ட காலம் பெயர் பொறிக்காத கல்லறைகள் என வாழ்ந்தவர்கள். அவர்கள் மௌனமாக அமர்ந்து வழிபட்ட கூடத்தில்தான் தீவின் பொருட்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. பத்தாண்டுகளுக்குள், 1904இல், அதன் அருகிலேயே கான்கிரீட்டால் தீப்பிடிக்காத கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டது. 1846ஐ மறக்காத ஊர் அது.

மாவு வெட்டும் சக்கரம்

நான்டக்கெட்டின் வீட்டுப் பொருட்களில் எளிதில் கண்ணைக் கவர்வது, திமிங்கிலப் பல்லாலும் எலும்பாலும் செய்த மாவு வெட்டும் சக்கரம். தமிழ்நாட்டில் சோமாஸ் ஓரத்தை வெட்டுவதற்குப் பல் வைத்த சிறு சக்கரக் கரண்டி பயன்படும் அல்லவா, ஏறத்தாழ அதே கருவிதான். பழத்தையோ இறைச்சியையோ மாவுத் தகட்டுக்குள் வைத்து மூடி அடுப்பில் சுடும் பண்டத்துக்கு, ஓரத்தை அழுத்தி ஒட்டி நெளிநெளியாக வெட்ட இது உதவியது. மரத்திலோ இரும்பிலோ செய்தாலும் வேலை அதேதான். ஆனால் கப்பலில் இருந்த மாலுமிக்கு எலும்பு இலவசம். நேரமும் அளவில்லாமல் கிடைத்தது. பிடியில் பாம்பு, குதிரை, மூடிய கை, பெண்ணின் கால் என்று விதவிதமாகச் செதுக்கினர். சிலவற்றில் இரண்டு மூன்று சக்கரங்கள். சிலவற்றின் மறுமுனையில் மாவைக் குத்தித் துளையிட முள்கரண்டி.

திமிங்கில வேட்டைக்குப் போனவர்கள் செய்த இவ்வகை வேலைகளுக்கு ஸ்கிரிம்ஷா என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு வேட்டைப் பயணம் மூன்று, நான்கு ஆண்டுகள் நீடித்தது. திமிங்கிலம் தென்படாத நாட்கள்தாம் மிகுதி. பேனாக்கத்தி, அரம், பாய் தைக்கும் ஊசி ஆகியவற்றைக் கொண்டு அந்த நாட்களைக் கழித்தார்கள். பல்லின்மீது கப்பலையும் வேட்டையையும் கீறி மை தடவிய சித்திரங்களுக்கே சந்தையில் பெருமதிப்பு. 1828, 1829ஆம் ஆண்டுகளில் சூசன் என்ற நான்டக்கெட் கப்பலில் இருந்த ஃபிரெடெரிக் மைரிக் கீறிய பற்கள் அவற்றுள் பெயர்பெற்றவை. மைரிக் தன் பெயரையும் நாளையும் பொறித்தார். சமையலறைக் கருவிகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்யவில்லை.

அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் பல்லையும் மாவுச் சக்கரத்தையும் ஸ்கிரிம்ஷா என்ற ஒரே தலைப்பின்கீழ் வைப்பதுதான் வழக்கம். மூலப்பொருள் ஒன்று, செய்தவரின் தொழில் ஒன்று என்பதால் இப்பகுப்பு இயல்பாகத் தோன்றுகிறது. அதன் விளைவு வேறு. சமையலறைக்கென்று செய்த கருவி சமையலறையிலிருந்து பிரிக்கப்பட்டு மீண்டும் கப்பலுக்கே கொண்டுபோகப்படுகிறது. பார்வையாளர் கேட்கும் கேள்விகள்: எந்தக் கடலில் செய்தது, எத்தனை நாள் பிடித்தது, எந்தத் திமிங்கிலத்தின் பல். இதனால் மாவு வெட்டினார்களா, வெட்டினால் நன்றாக வெட்டியதா என்ற கேள்விகள் எழுவதில்லை.

அக்கேள்விகளுக்குப் பொருளிடமே விடை உண்டு. சக்கரத்தின் பற்கள் மழுங்கியுள்ளனவா, அச்சாணித் துளை அகன்றுள்ளதா, பிடியில் கைபட்ட வழவழப்பு எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும். அதிகம் தேயாமல் இருப்பது, புழக்கத்துக்கு வராமல் பெட்டியில் வைத்துக் காக்கப்பட்டது என்று கொள்ளலாம். நன்கு தேய்ந்தது பல ஆண்டுகள் மாவுப் பலகையில் உருண்டிருக்கும். முற்றிலும் தேய்ந்து உடைந்தது எந்தக் கண்ணாடிப் பேழைக்கும் வந்து சேராது. வீட்டுப் பொருட் சேகரிப்புகள் எல்லாவற்றுக்கும் உள்ள அடிப்படைச் சிக்கல் இதுவே. அன்றாடம் அதிகம் உழைத்த பொருள் அழிகிறது. குறைவாக உழைத்தது நிலைக்கிறது. ஆகவே காட்சிப் பேழையில் இருப்பதை வைத்து ஒரு வீட்டைக் கற்பனை செய்தால், அந்த வீட்டில் வேலையே நடக்காதது போன்ற தோற்றம் வரும்.

நூல் சிட்டமும் வீட்டுக் கணக்கும்

இன்னொரு பொருள், கம்பளி நூல் சிட்டத்தை மாட்டிச் சுழற்றும் சட்டம். குடையைப் போல விரிந்து மடங்கும். பல டஜன் மெல்லிய எலும்புப் பட்டைகளை நுனியில் துளையிட்டுச் சிறு ஆணிகளாலோ நூலாலோ பிணைத்திருப்பார்கள். அடியில் மேசை விளிம்பைப் பற்றும் இறுக்கி. சிட்டத்தை இதில் மாட்டி, நூலை இழுத்து உருண்டையாகச் சுற்றுவார்கள். எலும்பு வேலைகளில் மிகக் கடினமானது இதுதான் என்று சொல்லலாம். ஒரு பட்டை பிசகினாலும் முழுச் சட்டமும் மடங்காது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சட்டம் இல்லாவிட்டால் சிட்டத்தை விரித்துப் பிடிக்க இன்னொருவரின் இரண்டு கைகள் தேவை. கணவன் மூன்றாண்டு கடலில் இருக்கும் வீட்டில் அந்த இரண்டு கைகளுக்குப் பதிலாகவே இச்சட்டம் நிற்கிறது. அன்புப் பரிசு என்று விளக்கப்படும் பொருளை ஆள்பற்றாக்குறையின் சான்றாகவும் படிக்கலாம். இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆனால் முதலாவது மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது.

நான்டக்கெட் பெண்கள் காத்திருப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் அல்லர். சென்டர் தெருவின் ஒரு பகுதியில் கடைகளைப் பெரும்பாலும் பெண்களே நடத்தியதால் அதற்குப் பாவாடை வரிசை என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் கெசையா காஃபின் என்ற பெண் வணிகர் தீவின் செல்வாக்குள்ள புள்ளிகளுள் ஒருவராக இருந்தார். வீட்டுச் செலவு, கடன், பிள்ளைகளின் படிப்பு, பங்குப் பணம் எல்லாம் பெண்களின் பொறுப்பில் நடந்தன. 1847இல் வால்மீன் ஒன்றைக் கண்டறிந்த வானியலாளர் மரியா மிட்செல் இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர் என்பதும் தற்செயல் அல்ல. அவர் பிறந்த வீட்டை வேறோர் அமைப்பு காத்துவருகிறது.

கடலுக்கே போன பெண்களும் உண்டு. கப்பல் தலைவரான கணவருடன் லெக்சிங்டன் கப்பலில் 1853 முதல் 1856 வரை பயணம் செய்த எலைசா பிராக் எழுதிய நாட்குறிப்பு கழகத்தின் சேகரிப்பில் உள்ளது. இல்லறம் கப்பலின் ஒரு சிறு அறைக்குள் நடந்ததற்கு அது ஒரு பதிவு. எலும்புச் சட்டத்தையும் இந்த நாட்குறிப்பையும் அருகருகே வைத்தால் இரண்டுமே கூடுதலாகப் பேசும்.

கூரை மேடை பற்றிய கதை

வீட்டைப் பற்றிய உண்மை எப்படி உருமாறுகிறது என்பதற்குப் பொருளல்லாத ஒன்றையும் சான்றாகச் சொல்லலாம். தீவின் பழைய வீடுகளின் கூரைமேல், புகைபோக்கியை ஒட்டி, கைப்பிடி வைத்த மரமேடைகள் உள்ளன. கணவனின் கப்பல் வருகிறதா என்று மனைவியர் ஏறி நின்று பார்த்த இடம் என்று இவற்றைக் காட்டுவார்கள். விதவை நடை என்ற பெயரும் பரவிவிட்டது. கட்டட வரலாற்றாளர் தரும் விளக்கம் எளிமையானது. புகைபோக்கியில் கரி படிந்து தீப்பற்றினால் மேலிருந்து மணலைக் கொட்டி அணைக்கவும், புகைபோக்கியைத் துப்புரவு செய்யவும் ஏறிய மேடை அது. மேடையிலிருந்து கடல் தெரிந்தது என்பதும், சிலர் ஏறிப் பார்த்திருப்பார்கள் என்பதும் வேறு செய்தி. மணல் வாளியோடு ஏறிய பெண் மறக்கப்பட்டாள். கண்ணீரோடு ஏறிய பெண் நிலைத்துவிட்டாள். அஞ்சலட்டைக்கு இரண்டாமவள்தான் பொருத்தம்.

கூடை

வீட்டுப் பொருட்களிலேயே நான்டக்கெட்டின் அடையாளமாகிவிட்டது விளக்குக் கப்பல் கூடை. தீவுக்குத் தெற்கே உள்ள ஆபத்தான மணல்திட்டுகளைக் கப்பல்களுக்கு உணர்த்த 1854 முதல் அங்கே ஒரு விளக்குக் கப்பல் நங்கூரமிடப்பட்டது. கலங்கரை விளக்கம் கட்ட முடியாத இடத்தில் விளக்கேற்றிய கப்பலே நிற்கும். எங்கும் போகாத கப்பலில் மாதக்கணக்கில் இருப்பது கடுமையான பணி. பொழுதுபோகக் கூடை பின்னினார்கள். விற்றால் கொஞ்சம் பணமும் கிடைத்தது. 1891இல் செஞ்சுரி இதழில் குஸ்தவ் கொபே இக்கப்பல் வாழ்க்கையைப் பற்றி எழுதிய கட்டுரை இதற்கு முதன்மையான சான்று.

இக்கூடையின் அமைப்பு தனித்தன்மை உடையது. அடிப்பாகம் கடைந்த மரவட்டு. அதன் விளிம்பில் வெட்டிய காடியில் மரப்பட்டைகளைச் செருகி, மர அச்சின்மேல் கவிழ்த்து, பிரம்பால் நெருக்கமாகப் பின்னுவார்கள். அச்சின்மேல் பின்னுவதால் அளவு பிசகாது. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் வரிசைகளாகச் செய்ய முடிந்தது. காய், முட்டை, தையல் சாமான் எல்லாம் இதில்தான். கைப்பிடி பக்கவாட்டில் சாயும். நல்ல கூடை தலைமுறை தாண்டி உழைக்கும். பழைய கூடைகள் காப்பகங்களுக்கு வந்தபோது அடிவட்டு தேய்ந்தும் விளிம்பு சீர்செய்யப்பட்டும் இருப்பதே அவற்றின் அழகு.

தீவின் மண்ணிலிருந்து பிறந்த பொருளாகக் கொண்டாடப்படும் இக்கூடையின் பிரம்பு தீவில் விளைவதில்லை. தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து கப்பலில் வந்தது. இன்று உலகறிந்த வடிவத்தை அதற்குக் கொடுத்தவரும் அங்கிருந்து வந்தவரே. பிலிப்பைன்ஸில் பிறந்த ஹோசே ஃபொர்மோசோ ரேயஸ் 1945இல் குடும்பத்தோடு நான்டக்கெட் வந்தார். அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் பெற்றிருந்தும் ஆசிரியப் பணி கிடைக்கவில்லை. தலைமுறைகளாகக் கூடை பின்னிவந்த குடும்பத்தைச் சேர்ந்த மிட்செல் ரேயிடம் தொழில் கற்றார். 1948இல் கூடைக்கு மூடி வைத்து, பெண்கள் கையில் மாட்டிச் செல்லும் பையாக மாற்றினார். மூடியின்மேல் தந்தத்தில் செதுக்கிய சிறு திமிங்கிலம் பதிக்கப்பட்டது. நட்புக் கூடை என்ற பெயரில் அது பரவியது. இன்று இத்தகைய ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான டாலர்.

மூடியும் தந்தமும் வந்தவுடன் கூடை சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டது என்று குறை சொல்வது எளிது. அந்தக் குறை முழுவதும் சரியல்ல. விளக்குக் கப்பலில் பின்னியவர்களும் விற்பதற்காகவே பின்னினார்கள். ரேயஸின் கூடையும் பிழைப்புக்கான கைத்தொழில்தான். பட்டம் பெற்றும் பணி கிடைக்காத ஒருவரின் குடும்பம் அதில் வாழ்ந்தது. தீவின் தூய மரபு என்ற சொல்லோடு மட்டும் இக்கூடையைக் காட்டினால் ரேயஸின் வாழ்க்கை மறைந்துபோகும்.

சட்டமிட்ட நூல்

வீட்டுப் பொருள் என்று கண்டிப்பாகச் சொல்ல முடியாவிட்டாலும், கழகத்திடம் உள்ள ஒரு சிறு நூலை இங்குக் குறிப்பிட வேண்டும். 1820 நவம்பர் 20 அன்று பசிபிக் பெருங்கடலில் எசெக்ஸ் என்ற நான்டக்கெட் கப்பலை எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று மோதி மூழ்கடித்தது. கப்பலில் இருந்த 20 பேரும் மூன்று படகுகளில் ஏறினர். இறுதியில் பிழைத்தவர் எட்டுப் பேர். பசியால் இறந்தவர்களின் உடலை உண்டு உயிர்பிழைத்த கொடுமையும் அதில் உண்டு. துணைத்தலைவர் ஓவன் சேஸின் படகில் இருந்த பெஞ்சமின் லாரன்ஸ், அந்த மூன்று மாதங்களில் கிடைத்த நாரை முறுக்கிக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தார். அதைக் கரைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதன் எஞ்சிய துண்டு பின்னர் சட்டமிடப்பட்டுக் கழகத்திடம் வந்தது.

அது அழகான பொருள் அல்ல. செதுக்கு வேலை எதுவும் இல்லை. விலைமதிப்பும் சொல்ல முடியாது. கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது மட்டுமே அதில் தெரிகிறது. எசெக்ஸ் பற்றிய நூல்களையும் படங்களையும் பார்த்துவிட்டு வருபவர்கள் மாபெரும் எலும்புக்கூட்டின் கீழ் நீண்ட நேரம் நிற்பார்கள். அந்த நேரத்தில் பாதியை இந்த நூலின் முன் செலவிடலாம்.

பேழையில் இல்லாதவை

சேகரிப்பின் மிகப் பெரிய இடைவெளி, தீவின் முதல் குடிகளைப் பற்றியது. 1659இல் ஆங்கிலேயர் குடியேறியபோது நான்டக்கெட்டில் வாம்பனோக் மக்கள் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். கரையோரத் திமிங்கில வேட்டையின் தொடக்க காலத்தில் படகுகளில் துடுப்பு வலித்தவர்களில் பெரும்பாலோர் இவர்களே. 1763, 64ஆம் ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோயில், எஞ்சியிருந்த 358 பேரில் 222 பேர் இறந்தனர். 1854இல் ஏப்ரம் குவேரியும் 1855இல் டோர்கஸ் ஆனரபிளும் மறைந்தபோது தீவின் கடைசி இந்தியர் மறைந்ததாக உள்ளூர் வரலாறு எழுதிக்கொண்டது. மாசச்சூசெட்ஸின் பிற பகுதிகளில் வாம்பனோக் சமூகங்கள் இன்றும் வாழ்ந்துவருகின்றன.

கறுப்பின மக்களின் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே. 1822இல் முழுவதும் கறுப்பின மாலுமிகளைக் கொண்ட இண்டஸ்ட்ரி கப்பலுக்குத் தலைமை தாங்கிய அப்சலம் பாஸ்டனின் உருவப்படம் கழகத்திடம் உள்ளது. காதில் வளையங்களுடன் அவர் நேராகப் பார்க்கிறார். அவர் வீட்டு அடுக்களையில் என்ன இருந்தது என்பதை அப்படத்திலிருந்து அறிய முடியாது.

கழகத்துக்குப் பொருள் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வீடும் பரணும் வாரிசும் உடைய குடும்பத்தினர். பரண் இல்லாதவரின் பானை எங்கும் போய்ச் சேரவில்லை. இதற்குக் கழகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1894இல் அமெரிக்காவில் தொடங்கிய வரலாற்றுக் கழகங்கள் பலவும் தங்கள் முன்னோரை நினைவுகூரும் பொருட்டுத் தொடங்கியவையே. ஆனால் இடைவெளியை இடைவெளியாகவே காட்டுவது இன்றைய காப்பாளர்களின் கையில் உள்ளது. அதற்கான சான்றும் அவர்களிடமே இருக்கிறது. ஸ்டார்பக் குடும்பத்தினர் வாம்பனோக் மக்களுடன் நடத்திய வணிகத்தின் கணக்கேடு கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இறந்த வாம்பனோக் குடும்பத்தினர் விட்டுச்சென்ற உடைமைகள் தொடர்பான நீதிமன்றப் பதிவுகளை எலிசபெத் லிட்டில் ஆய்ந்து வெளியிட்டுள்ளார். கண்ணாடிப் பேழையில் இல்லாத வீடு காகிதத்தில் உள்ளது. கணக்கேட்டில் ஒருபுறம் அவர்கள் கடனாக வாங்கிய சரக்கு, மறுபுறம் அதை அடைக்கக் கொடுத்த மீனும் இறகும் உழைப்பும் எழுதப்பட்டிருக்கின்றன.